ஐந்தாவது ஆள்

பிப்ரவரி ஒன்றுக்கு நாற்பத்தைந்து நாள்.
ஜெலுத்தோங்கில் சலவைக்கடையை அடைத்தபின்
ஒரு விடுதி ரசீதின் முதுகில்
கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ஆயிரத்து ஐந்நூறு
ஆயிரத்து எழுநூறாகிறது.
ரொஸ்னா, சியூ லான், ஹாபிஸ், வேன் ஓட்டும் லோகநாதன்:
நாலு இருநூறு எண்ணூறு.
அடிக்கோடு இழுத்தேன்.
கோட்டுக்குக் கீழேயும் இருந்தது.
ஈபிஎஃப் நூற்று நாலு. அப்புறம் சொக்சோ.
ஹரி ராயா வாரத்து மிகைநேரம்,
மணிக்கு ஒன்றரை மடங்கு,
அந்த ஒன்றே இப்போது பருத்துவிட்டதே.

குணவதி இந்தக் கணக்கில் வரவில்லை.
அவள் வாங்குவது ஆயிரத்து எழுநூற்றைம்பது,
சட்டம் அவளைத் தொடாமல் போகிறது.
பன்னிரண்டு வருஷம்.
ரத்தக்கறைக்கு எது, மஞ்சள்கறைக்கு எது,
எந்த விடுதித் துவாலைக்கு எந்த ஓரத்தையல்
எல்லாம் விரல்நுனியில் தெரியும் அவளுக்கு.
போன வருஷம் வந்த ஹாபிஸைவிட
இருநூற்றைம்பது வெள்ளி உயரத்தில் நின்றாள்.
இனி ஐம்பது.
ஒரே ஒரு படி. அதுவும் தேய்ந்த படி.

அண்ணன் தொலைபேசியில் சொன்னான்:
"அஞ்சு பேருக்குக் குறைச்சல்னா
ஆகஸ்ட் வரைக்கும் தவணை இருக்காமே.
ஒருத்தர நிறுத்து. ஆறு மாசம் மூச்சு விடலாம்."
கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.
அவனும் கடை வைத்து மூடியவன்தான்.

அன்றிரவு விரல் விட்டு எண்ணினேன்.
கட்டைவிரலில் ரொஸ்னா என்று தொடங்கினால்
சுண்டுவிரலில் லோகநாதன்.
சுண்டுவிரலில் தொடங்கினால் ரொஸ்னா.
சேர்ந்த தேதிப்படி ஹாபிஸ்.
விடுப்புப்படி சியூ லான்,
அவள் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
எப்படி எண்ணினாலும்
யாரோ ஒருவர் ஐந்தாவதாக வந்து நிற்கிறார்
கையில் நனைந்த விரிப்போடு.
விரல்களை மடக்கிக்கொண்டேன்.
மடக்கிய கை குத்துவதற்கு ஓங்கியது போல இருந்தது.
விரித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

காலையில் உலர்த்தியின் பின்தகட்டைக் கழற்றினோம்.
குழாய் முழுக்கப் பஞ்சு,
சாம்பல் நிறத்தில், ஒரு பூனையளவு.
ஹாபிஸ் அதைத் தூக்கி "மியாவ்" என்றான்.
எழுபது நிமிஷம் சுற்றியது நாற்பத்தெட்டில் நின்றது.
மின்கட்டணத்தில் மாசம் நூற்றுச் சொச்சம் மிஞ்சும்.
எத்தனை வருஷமாக
இந்தப் பஞ்சுக்குச் சம்பளம் கொடுத்தேனோ!

பிறகு ஒன்பது விடுதிகளுக்குக் கடிதம்.
விரிப்புக்கு ஒரு வெள்ளி இருபது காசு
இனி ஒரு வெள்ளி நாற்பது.
தபாலில் போடவில்லை, நானே கொண்டுபோனேன்,
சூலியா தெருவில் வெயில் மண்டையைப் பிளக்க.
ஏழு பேர் முனகிக்கொண்டே கையெழுத்திட்டார்கள்.
ஒருவர் சீனப் பெருநாள் போகட்டும் என்றார்.
கூ தவுக்கே மட்டும் காப்பி வரவழைத்தார்,
நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து
பிறையில் ஒரு தொழிற்சாலை
ஒரு வெள்ளிக்கே செய்கிறது என்றார்.
வாரம் இருநூறு விரிப்பு.
கடைசி மூட்டையை வேனில் ஏற்றியபோது
லோகநாதன் எதுவும் கேட்கவில்லை,
வானொலியை மட்டும் நிறுத்தினான்.

சாயங்காலம் குணவதியிடம் சொன்னேன்:
"உனக்கும் நூறு கூட்டுறேன்."
"நூறா?"
அவளுக்கு வரவேண்டியது இருநூறு.
அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
"ஜூலையில மறுபடி பார்ப்போம்" என்றேன்.
"எழுதிக் கொடுங்க" என்றாள்.
அதே ரசீதின் முதுகில் எழுதிக் கொடுத்தேன்.
மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் இரட்டைக் கட்டில் விரிப்பொன்றை உதறி
மறுமுனையை என் பக்கம் நீட்டினாள்.
பிடித்தேன்.
மூலைக்கு மூலை வைத்து
அவள் இரண்டடி, நான் இரண்டடி.
இன்னும் சூடாகத்தான் இருந்தது துணி.
"அடுத்தது" என்றாள்.